மூளைக்கட்டி திரும்பி வந்தால் பழைய ரிப்போர்ட் போதாது

மட்டி வாழையை வெட்டினால் அடியில் மட்டிக் கன்றுதான் முளைக்கும். மூளைப் புற்றுக்கும் நாம் இதே கணக்கைப் போடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி பெரும்பாலும் பழைய இடத்தை ஒட்டியே திரும்ப வருகிறது. ஆனால் இடம்தான் பழையது, செல்கள் மாறியிருக்கும்.

அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் நீளும் 30 தவணை கதிர்வீச்சு, கூடவே டெமோசோலோமைட் மாத்திரை: 2005 முதல் வழக்கம் இதுதான். ஒரே கட்டிக்குள் பலவகைச் செல்கள் இருக்கும். இந்தச் சிகிச்சையைத் தாங்கி மிஞ்சியவற்றின் வாரிசுகள்தான் பிறகு பெருகுகின்றன. டெமோசோலோமைட் டிஎன்ஏவைச் சேதப்படுத்திச் செல்லைக் கொல்கிறது. டிஎன்ஏ பிழையைக் கண்டுபிடிக்கும் எம்எஸ்எச்6 போன்ற மரபணு கெட்டுப்போன செல்லோ, சேதத்தை உணராமலே தப்பிவிடும். அப்புறம் பிழைக்கு மேல் பிழை சேர்ந்து ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் குவியும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. இன்னும் சிலருக்குக் கட்டி அக்கம்பக்கத்து நரம்பு செல்களோடு உறவு வைத்துக்கொண்டு ஊடுருவுகிறது. முதல் பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) இருந்த இஜிஎஃப்ஆர் என்னும் மரபணுவின் மாற்றம் ஒன்று இரண்டாவதில் காணாமல் போவதும் உண்டு. அதைக் குறிவைக்கும் மருந்துக்கு அங்கே வேலை இருக்காது.

அதனால் மறு அறுவை நடந்தால் (எல்லோருக்கும் அது முடியாது) எடுத்த திசுவைப் புதிதாகப் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள். "அதான் முன்னமே பார்த்தாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். நாகர்கோவிலில் சிகிச்சை தொடங்கி திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் மடித்துக்கொண்டு பஸ் ஏறினால் போதாது. மெழுகில் பதித்த பழைய திசு, அதாவது பிளாக், முதலில் அறுவை செய்த இடத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் பழைய ஸ்கேன் சிடிகளும் வேண்டும்.

நேர்மாறான தவறும் உண்டு. கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதத்தில் எம்ஆர்ஐயில் கட்டி பெரிதானதுபோல் தெரியலாம். சிகிச்சையால் வந்த வீக்கமே அப்படிக் காட்டும். அதைப் பார்த்ததும் "கைவிட்டுப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியரைத் தேடி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஸ்கேன் வரை பொறுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.