பிள்ளைகளோடு க்ரூஸ்: புக்கிங் செய்யும் முன் நடக்கும் தவறுகள்

க்ரூஸ் விளம்பரத்தில் வரும் பிள்ளைக்கு எப்போதும் எட்டு, ஒன்பது வயதுதான் இருக்கும். பின்னால் வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லைடு, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் அம்மா அப்பா. நம் வீட்டில் இருப்பதோ இரண்டரை வயதில் ஒன்று, பதிமூன்று வயதில் ஒன்று. சின்னதை அந்த ஸ்லைடில் ஏற விடமாட்டார்கள். பெரியது ஏறமாட்டேன் என்று கேபினிலேயே உட்கார்ந்திருக்கும்.

எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை இரவு, ஆளுக்கு எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஏஜென்டிடம் அட்வான்ஸ் கட்டிவிடுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியவை வேறு. கப்பல் கிளம்பும் நாளில் பிள்ளைக்கு எத்தனை வயது? எவ்வளவு உயரம்? டயப்பர் விட்டாகிவிட்டதா? இந்த மூன்றும்தான் கப்பலைத் தீர்மானிக்க வேண்டும். ஊரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வயதும் டயப்பரும்

கைக்குழந்தையோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஏறவே அனுமதி உண்டா என்பதைத்தான். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் குறைந்தபட்ச வயது ஆறு மாதம். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், வைக்கிங், வர்ஜின் வாயேஜஸ் போன்றவற்றில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை. படம் அழகாக இருக்கிறதே என்று அங்கே விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கப்பலில் ஏறுவது வேறு, பணியாளர்கள் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை விளையாட வைக்கும் கிட்ஸ் கிளப்பில் சேர்வது வேறு. இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஸ்னி, ராயல் கரீபியன் நிறுவனங்களின் கப்பல்களில் இலவச கிளப்புக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். அதோடு பிள்ளை தானாகக் கழிப்பறை போகப் பழகியிருக்க வேண்டும். மூன்றேகால் வயது, ஆனால் இன்னும் டயப்பர் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. கார்னிவல் நிறுவனத்தில் இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள், டயப்பரும் மாற்றுகிறார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிஸ்னி, ராயல் கரீபியன் கப்பல்கள் பலவற்றில் தனி நர்சரி உண்டு. அது மணிக்கணக்கில் காசு. இடமும் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

நீச்சல் குளத்திலும் இதே சங்கதிதான். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது சுகாதார விதி. நீச்சலுக்கென்றே விற்கிற டயப்பரும் இதில் அடக்கம். மற்ற இடங்களிலும் பல நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. வெயிலில் எல்லோரும் தண்ணீருக்குள் இருக்க, உங்கள் குழந்தை மட்டும் கரையில் நின்று அழுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் பீய்ச்சும் இடம் உள்ள கப்பலா, அங்கே டயப்பர் வயதுக் குழந்தைக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கிளப்பில் வயதுவாரியாகப் பிரித்துவிடுவார்கள். எம்எஸ்சி கப்பல்களில் 3 முதல் 6 வரை ஒரு குழு, 7 முதல் 11 வரை ஒன்று, 12 முதல் 14, அப்புறம் 15 முதல் 17. ஆறு வயதுப் பையனும் ஏழு வயது பெரியப்பா மகளும் வீட்டில் பிரிக்க முடியாத ஜோடி. கப்பலிலோ ஆளுக்கொரு அறை. சின்னவன் வாசலிலேயே ஒப்பாரி வைப்பான். பிள்ளைகள் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம் என்றால், அகலமான வயதுக் குழு உள்ள கப்பலைப் பாருங்கள். டிஸ்னியில் 3 முதல் 10 வயது வரை ஒரே கிளப்தான்.

உயரக்கோல் என்ற எமன்

ஸ்லைடு, அலைச்சறுக்கு, கயிற்றுப் பாலம் எதுவானாலும் வாசலில் ஒரு அளவுகோல் நிற்கும். ராயல் கரீபியன் கப்பல்களின் ஃப்ளோரைடர் என்ற செயற்கை அலையில், பலகையில் படுத்துச் சறுக்குவதற்கு 132 செ.மீ., நின்று சறுக்குவதற்கு 147 செ.மீ. உயரம் வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைகள் பலர் முதல் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிடுவார்கள். பணியாளர் பிள்ளையைக் கோலோடு சாய்த்து நிறுத்துவார், தலைமுடியைக் கையால் அமுக்குவார், உதட்டைப் பிதுக்குவார். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோமே என்று சொன்னாலும் நடக்காது. வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளையாட்டையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இதோடு சேர்ந்தது யூடியூப் தவறு. பிள்ளைகள் வீடியோவில் பார்த்து மயங்குவது பெரும்பாலும் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலை. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கியது அது. ஆறு ஸ்லைடுகள் கொண்ட நீர்ப்பூங்கா அதில் இருக்கிறது. நாம் சிங்கப்பூரிலிருந்து புக் செய்வதும் அதே ராயல் கரீபியன்தான், ஆனால் சில ஆண்டுகளாக அங்கே வந்து போனவை பெரும்பாலும் அதன் குவாண்டம் வகைக் கப்பல்கள். அவற்றில் அந்த நீர்ப்பூங்கா கிடையாது. ஆளைக் காற்றில் மிதக்கவிடும் கூண்டு, மோதும் கார்கள், கண்ணாடிக் கூண்டில் உயரே தூக்கிக் காட்டும் நார்த் ஸ்டார் என்று வேறு வகை. மோசமில்லை, ஆனால் பிள்ளை கேட்டது அது இல்லை. நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாமல், கப்பலின் பெயரைக் கேட்டு, அந்தக் கப்பலின் டெக் வரைபடத்தைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கப்பலுக்கும் இது பொருந்தும். கார்டிலியா நிறுவனம் ஓட்டும் எம்ப்ரஸ், 1990-இல் கட்டிய சுமார் 48,000 டன் கப்பல். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெந்திங் ட்ரீம் 2016-இல் வந்தது. ஒன்றரை லட்சம் டன். எம்ப்ரஸில் ராட்சத நீர்ப்பூங்காவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அதற்காகத் தள்ளிவிட வேண்டிய கப்பலும் இல்லை. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு, விமானம் ஏறாமல், பழகிய சாப்பாட்டோடு இரண்டு இரவு கடல் பார்க்க அது போதும். பதின்வயதுப் பிள்ளைக்கு மறுநாள் மதியமே போரடித்துவிடும் என்பது என் எண்ணம்.

கிளப் இருக்கிறது, கவலையில்லை என்று நினைப்பது

கிட்ஸ் கிளப்பைக் காலை முதல் இரவு வரை பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடமாக நினைத்துக்கொள்கிறார்கள். நடுவில் உணவு இடைவேளைகளுக்கு மூடும் கிளப்புகள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற கப்பல்கள் உண்டு. சேர்க்கும்போது ஒவ்வாமை என்ன, யார் யார் வந்து அழைத்துப் போகலாம், ரகசியச் சொல் என்ன என்று ஒரு படிவம். அதில் தாத்தா பெயரை எழுத மறந்தால், அவர் போய் நின்றாலும் பேரனை அனுப்ப மாட்டார்கள். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டு விளையாட்டு முதல் நாள் மிரட்டலாகவே இருக்கும். அதனால் ஏறிய அன்றே கிளப்பைத் திறந்து காட்டும் நேரத்தில் அழைத்துப் போய், அங்கிருக்கும் பணியாளரோடு இரண்டு வார்த்தை பேசவையுங்கள். மறுநாள் திடீரென்று விட்டால் ஒட்டாது. இரண்டு இரவுப் பயணத்தின் கோளாறும் இதுதான்: பிள்ளைக்கு நண்பன் கிடைக்கும்போது கப்பல் கரைக்கு வந்துவிடும். முதல் நாள் ஏறுவதற்கே மதியம், கடைசி நாள் காலை எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிட வேண்டும். மூன்று இரவு என்று பேர், முழுதாகக் கிடைப்பது இரண்டு பகல். கிளப்பை நம்பிப் போகிறவர்கள் நான்கு இரவுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது.

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்னி, ராயல் கரீபியன் கப்பல்களில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். எல்லா நிறுவனங்களிலும் அப்படி இல்லை. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைபேசியை மடக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

துறைமுகமும் கடலும்

பட்டியலில் ஊர் அதிகம் இருந்தால் லாபம் என்பது பெரியவர்களின் கணக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு அது வெறும் அலைச்சல். கோலாலம்பூர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும், கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். அங்கிருந்து நகருக்குள் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரும்போது நெரிசலில் மாட்டினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். புக்கெட் போகும் கப்பல்கள் பலவும் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில் ஆளை இறக்கும். தள்ளுவண்டியும் தூங்குகிற குழந்தையுமாக அதில் ஏறி இறங்குவது பெரிய பாடு. பினாங்கு இதற்கு நேர்மாறு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடுவில்தான் நிற்போம். லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம். பிள்ளை சிணுங்கினால் உடனே கப்பலுக்குத் திரும்பிவிடலாம்.

பிள்ளைகளுக்காகவே போகிறவர்கள் துறைமுக நாளன்று இறங்காமலேயே இருக்கலாம். பாதிக் கப்பல் காலியாகிவிடும், ஸ்லைடு வரிசையும்தான். டிஸ்னி 2026 மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து தொடங்குவதாக அறிவித்த அட்வென்ச்சர் கப்பலுக்கு எந்தத் துறைமுகத்திலும் நிற்காத மூன்று, நான்கு இரவுப் பயணங்களைத்தான் வகுத்தார்கள். கப்பலே ஊர் என்ற யோசனை. என்னைக் கேட்டால் பத்து வயதுக்குக் கீழே அதுதான் சரி.

மலாக்கா நீரிணையில் சுமத்ரா மறைப்பதால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அரபிக்கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிக்கும். வங்காள விரிகுடாவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கோடை விடுமுறை இந்த இரண்டிலும் பெரும்பாலும் அகப்படாது, ஆனால் மே மாதத்திலும் வங்காள விரிகுடாவில் புயல் வருவதுண்டு. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம் வரும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறையும். மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவமனையில் எட்டிப்பார்த்தாலே டாலரில் பில் வரும். வெளிநாட்டுப் பயணக் காப்பீடு இல்லாமல் போகக் கூடாது.

கேபினும் காசும்

ஜன்னல் இல்லாத கேபின் மலிவு. இருட்டாக இருப்பதால் குழந்தை நன்றாகத் தூங்கும். ஆனால் குழந்தை எட்டரைக்குத் தூங்கிவிட்டால் நீங்களும் அந்த இருட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகவே பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும். நாற்காலியைக் கம்பியிலிருந்து தள்ளியே வைத்திருக்க வேண்டும், கதவின் மேல் தாழை மறக்கக் கூடாது. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினைத் தவிர்த்துவிடுங்கள். அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும்.

‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். இலவசம் டிக்கெட் மட்டும். துறைமுக வரி உண்டு, பணியாளர் டிப்ஸ் உண்டு. பல நிறுவனங்களில் டிப்ஸ் தலைக்கு, நாளைக்கு 15 டாலருக்கு மேல். பிள்ளைகளுக்கும் அதே கணக்கு. நான்கு பேர், நான்கு இரவு என்று பெருக்கிப் பாருங்கள். ஏறியவுடன் எல்லோருடைய கைபேசியையும் விமானப் பயன்முறையில் போடுங்கள். பிள்ளை கையில் உள்ள பழைய போனில் சிம் இருந்தால் அதையும். நடுக்கடல் ரோமிங் பில் வந்தால் தாங்காது.

கிளம்பும் முன்

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பிள்ளை பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். புக்கிங்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கலாம். சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்பும்போது மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். ஒரே நுழைவுக்கான விசா போதாது.

மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் இரண்டையும் வீட்டில் வைத்துவிடுங்கள். பெரும்பாலான கப்பல்களில் சோதனையில் எடுத்துவைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். பிரிக்காத டப்பாவில் உள்ள குழந்தை உணவுக்குப் பொதுவாகத் தடையில்லை. சுடுதண்ணீரைப் பஃபேயில் கேட்டு வாங்கலாம்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். நீச்சல் உடை, மாற்றுத் துணி, மருந்து, டயப்பர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். முதல் நாள் மதியம் பாதிப் பேர் பஃபேயில் தட்டோடு நிற்பார்கள், குளத்தில் கூட்டமே இருக்காது.