மனம் உடைந்த வாலிபரோடு உட்காருவது எப்படி? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

சபையில் வாலிபர் ஐக்கியப் பொறுப்பைப் புதிதாக எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். அப்பாவை இழந்த பையன், நீட்டில் இரண்டாவது தடவையும் மார்க் வராத பெண், குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து ராத்திரி தூங்காத தம்பி. இவர்களிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

பேச்செடுப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் பதில். முதலில் அவர்கள் பேசட்டும்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களைத் திட்டித்தான் நாம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் வந்த முதல் ஏழு நாள் செய்தது சரியான காரியம். அவனுடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இரவுபகல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாயைத் திறந்து காரணம் விளக்க ஆரம்பித்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள்.

படி 1: கிளம்பும் முன்

பையனுக்கு அண்ணன்மார், பெண்ணுக்கு அக்காமார் போவது நல்லது. இடம் நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும்: சபை வராந்தா, டீக்கடை பெஞ்சு, கிரவுண்டு படிக்கட்டு. பூட்டிய அறையும் வேண்டாம், நள்ளிரவு சாட்டிங்கும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றால், நீங்கள் பார்க்கப் போவது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வீடே பிரச்சினை என்றால் பாஸ்டருக்கோ பொறுப்பான பெரியவர் ஒருவருக்கோ தெரிந்திருக்கட்டும்.

சுவிசேஷக் கைப்பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேறு மதத்துப் பிள்ளை என்றால் இது இன்னும் முக்கியம். அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். அதை விசுவாசம் என்று கணக்கெழுதுவது நேர்மையில்லை.

படி 2: சாப்பாடு

"சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்கிக் கொடுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் கேட்டது 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் (1 இராஜாக்கள் 19).

படி 3: கேட்பது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். போனை சைலண்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். எதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் உட்காருங்கள். பையன்கள் பலர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள், நடந்துகொண்டோ பைக்கில் பின்னால் உட்கார்ந்தோதான் பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"என்னடா, எப்படி இருக்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

"சரி." (எழுந்து போய்விடாதீர்கள்.)

கொஞ்ச நேரம் கழித்து: "வீட்டுக்குப் போகவே பிடிக்கலண்ணே."

"போனா எப்படி இருக்கு?"

"அப்பா செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு. அம்மா எடுக்க விடமாட்டேங்குறாங்க."

இந்த இடத்தில் "அப்பா ஆண்டவர்கிட்ட சுகமா இருக்காருடா" என்று சொல்ல நாக்கு துடிக்கும். நம் சங்கடம் தாங்காமல் வருகிற வார்த்தை அது. அடக்கிக்கொண்டு, அவன் சொன்னதிலேயே நில்லுங்கள்: "தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகணும், இல்ல?" அவ்வளவுதான். அவன் அழலாம், பேச்சை மாற்றிக் கிரிக்கெட்டுக்குப் போகலாம். நீங்களும் கிரிக்கெட்டுக்குப் போங்கள்.

உயிர்த்தெழுந்த இயேசு, எம்மாவு சாலையில் தம்மை அடையாளம் தெரியாமல் நடந்த இரண்டு சீஷர்களிடம் செய்ததைக் கவனியுங்கள். எருசலேமில் நடந்த சிலுவை மரணம் அவருக்குத்தான் நடந்தது. ஆனாலும், ஏன் துக்கமுகமாயிருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் விவரம் தெரியாதவரா நீர் என்று சலித்துக்கொண்டபோது, "எவைகள்?" என்று மறுபடியும் கேட்டார். முழுக்கதையையும் அவர்கள் வாயால் சொல்லவிட்டார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்கு அப்புறம்தான் (லூக்கா 24).

சொல்லக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நன்மைக்கே" வேண்டாம். ரோமர் 8:28 உண்மைதான், ஆனால் துக்கம் நடந்த வாரத்தில் அதை அடுத்தவருக்கு எடுத்துக்கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. "அம்மாவுக்காக நீ தைரியமா இருக்கணும்" என்பது பிள்ளையின் தலையில் இன்னொரு மூட்டை. "விசுவாசம் இருந்தா டிப்ரெஷன் வராது", "ஜெபக்குறைவுதான் காரணம்" இரண்டும் தவறான உபதேசம். தினமும் காலையில் அனுப்பும் வாக்குத்தத்த வசனக் கார்டையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல என்று நீதிமொழிகள் 25:20 சொல்வது இதைத்தான்.

படி 4: ஆபத்து தெரிந்தால்

"நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனநல மருத்துவர்களும் இப்படிக் கேட்கத்தான் சொல்கிறார்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடுங்கள், மருந்து, பூச்சிமருந்து கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 112. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று குடும்பங்கள் பயந்து மறைக்கும். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

18 வயதுக்குக் கீழே உள்ளவர் பாலியல் தொல்லை நடந்ததாகச் சொன்னால், விஷயம் தெரிந்த நீங்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருட போக்சோ சட்டத்தில் இது கட்டாயம். செய்தவர் சபையில் பெரிய ஆள் என்றாலும் அதேதான். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்பவருக்குக் காது கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அதனால் "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உனக்குப் பாலியல் தொல்லை கொடுத்திருந்தாலோ மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்வேன், அதையும் உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மை. மாத்திரை சாப்பிடுகிறவரிடம், ஜெபம் பண்ணியாச்சு, நிறுத்திவிடு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

படி 5: விசுவாசத்தைச் சொல்வது

எப்போது? அவர்கள் கேட்கும்போது. கேட்பார்கள். "ஆண்டவர் இருந்தா ஏன்ணே இப்படி?" என்றுதான் பெரும்பாலும் வரும், கோபமாகவே வரும்.

லாசரு செத்த பிறகு அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளுக்கு அவர் பதில் பேசினார், உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னார். மரியாள் அதையே சொல்லி அழுதபோது விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, கண்ணீர் விட்டார் (யோவான் 11). உங்கள் முன்னால் இருப்பது மார்த்தாளா மரியாளா என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த ஊழியத்தின் பாதி வேலை இருக்கிறது. பேச விரும்புகிறவனோடு பேசுங்கள். "ஏன்னு எனக்கும் தெரியலடா. ஆனா அழுதவங்களோட சேர்ந்து அழுத ஒருத்தரை நான் நம்புறேன்" என்பது போதுமான சாட்சி. உங்கள் சொந்த சாட்சி ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் முடியட்டும். அதில் ஹீரோ நீங்களாக இருக்கக் கூடாது.

வேதாகமம் வாசிக்கலாமா என்று அவர்களே கேட்டால் சங்கீதம் 13 கொடுங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று முறையிடுகிற சங்கீதம். ரொம்ப இருட்டில் இருப்பவருக்கு 88. அது கடைசிவரை விடியாமலே முடிகிறது. இப்படியும் ஜெபிக்கலாமா என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

ஜெபிக்கும் முன் கேளுங்கள். "வேண்டாம்ணே" என்றால் முகம் சுளிக்காமல் விடுங்கள். சரி என்றால், அவன் சொன்ன வார்த்தைகளையே வைத்து, குரலை உயர்த்தாமல், சின்னதாக. ஜெபத்துக்குள் புத்திமதியைச் சொருகாதீர்கள், நம் ஊரில் இது ஒரு வியாதி. ஞானஸ்நானம், தீர்மானம் பற்றியெல்லாம் இந்த நாட்களில் பேசவே வேண்டாம்.

படி 6: திரும்பப் போவது

அடக்கத்துக்கு ஊரே வரும், 30-ம் நாள் ஜெபத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அதற்குப் பிறகு வீடு காலியாகிவிடும். நீங்கள் தேவைப்படுவது அப்போதுதான். அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், அவர் பிறந்தநாள், அடுத்த ரிசல்ட் வருகிற நாள் எல்லாவற்றையும் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்டுல இருப்பேன், வர்றியா?" என்று அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி அனுப்புங்கள்.

கடைசியாக, கேட்டதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பெயரில்லாமல் "நம் சபை வாலிபத் தம்பி ஒருவர்" என்று போட்டாலும் பத்து நிமிஷத்தில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். குரூப்பில் யாராவது "அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "நீங்களே ஒருநாள் அவனோட டீ சாப்பிடப் போங்களேன்" என்று சொல்லிவிடுங்கள்.