சிறுகோள் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வாலிநோக்கம் கடற்கரையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் பைனாகுலரும் கையுமாக நின்று, "அண்ணே, வெஸ்டா கிடைச்சிருச்சு!" என்று குதித்தார்கள். வெஸ்டா, சூரியனைச் சுற்றும் பாறைகளான சிறுகோள்களில் ஒன்று. நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டேன். "அதான் பாத்தாச்சே, நாளைக்கு எதுக்கு?" என்றார்கள். 2015-இல் நானும் இதையேதான் சொன்னேன். டார்ச் அடிப்பது, பேட்டரியை மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே ராத்திரியில் முடிவு கட்டுவது

பைனாகுலரில் சிறுகோளும் வெறும் புள்ளி, நட்சத்திரமும் வெறும் புள்ளி. பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. காட்டிக்கொடுப்பது நகர்வு மட்டும்தான். பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் வெஸ்டா என்று எதிர்நிலையில் இருக்கும் நாட்களில் அது தினமும் ஏறக்குறைய கால் டிகிரி நகரும். இரண்டு நாளில் முழுநிலவின் அகலம். அதனால் முதல் ராத்திரி புள்ளிகளை வரைய வேண்டும், மறுநாள் அதே தாளோடு வந்து ஒப்பிட வேண்டும்.

நான் வரைந்ததோடு சரி. 2015 புரட்டாசியில் என் நோட்டில் பதினொரு புள்ளி, கையில் இருந்த வரைபடத்தில் பத்து. மிச்சம் இருந்தது வெஸ்டாதான் என்று ஊரெல்லாம் போன் போட்டேன். டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் என் கணக்கில் வடை. மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபடி அதே இடத்தைப் பார்த்தால், பதினொன்றாவது புள்ளி போட்ட இடத்திலேயே நிற்கிறது! அந்த மலிவு வரைபடம் மங்கல் நட்சத்திரங்களை விட்டிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேகம் விலகுவதற்குள் வெஸ்டா மங்கி மேற்கே இறங்கிவிட்டது. அது சூரியனைச் சுற்ற 3.6 வருடம் ஆகும். நாமும் சுற்றிக்கொண்டிருப்பதால் அடுத்த எதிர்நிலைக்குச் சுமார் 504 நாள். 2017 ஜனவரி வரை வாடைக்காற்றில் காத்திருந்தேன். வடைக் காசை விடுங்கள், அந்தப் பதினாறு மாதம் இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலேர்மோவில் முதல் சிறுகோளான சீரிஸைப் பார்த்த வானியலாளர் பியாட்சி, மறுநாளும் அதே புள்ளியை அளந்தார். இடம் மாறியிருந்தது. பிப்ரவரி 11 வரை தொடர்ந்து அளந்தார். பிறகு சீரிஸ் சூரிய வெளிச்சத்தில் மறைந்துபோனது. கையிலிருந்த அந்த நாற்பது நாள் அளவுகளை வைத்து கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டதால்தான் வருடக் கடைசியில் மறுபடி சிக்கியது. ஒரு ராத்திரி அளவை வைத்து காஸாலும் எதுவும் செய்திருக்க முடியாது.

நேரம் எழுதாமல் வருவது

வரைந்த தாளில் தேதியும் நேரமும் எழுதுங்கள். அதை உலக நேரத்துக்கு (UTC, வானியலாளர்களின் பொது நேரம்) மாற்ற, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். நம் கடிகாரத்தில் பின்னிரவு 2 மணி என்றால், அங்கே இன்னும் முந்தின தேதி.

லென்ஸைத் துண்டால் துடைப்பது

செய்யாதீர்கள். கடற்கரையில் லென்ஸில் படிவது வெறும் பனியல்ல, உப்பு. கீறும்.

கண்டவுடன் பெயர் வைக்கத் துடிப்பது

புதிய சிறுகோளைக் கண்டாலும் அதற்கு முதலில் ஒரு தற்காலிகக் குறியீடுதான் கிடைக்கும். பல வருடம் பார்த்து, பாதை உறுதியானால்தான் எண். அதன்பிறகு கண்டுபிடித்தவர் 10 வருடத்துக்குள் பெயரை முன்மொழியலாம். சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்க வேண்டும். 1861-இல் வானியலாளர் போக்சன் மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து கண்டதற்கு 67 ஆசியா என்று பெயர், இந்தக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால். 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்தது 4130 ராமானுஜன். இவற்றைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் கூட்டத்தில் ஒருவர் தங்கள் கட்சித் தலைவர் பெயரை வைக்கலாமா என்று கேட்பார். வைக்கலாம், அவர் இறந்து 100 வருடம் ஆகியிருந்தால்.