எல்லாருக்கும் குடை பிடிக்காதீர்கள்: முதல் ரோடு ரேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் சைக்கிள் ரோடு ரேஸ் 64 கிலோமீட்டர். அதில் முதல் 20 கிலோமீட்டரை நான்தான் முன்னால் நின்று இழுத்தேன். பின்னால் நாற்பது பேர். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அத்தனை பேரும் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்ததில் பெருமை வேறு. நான் முடிவுக்கோட்டைத் தொட்டபோது பரிசு கொடுத்து முடித்து ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் உண்டு. தேங்காய் மண்டி வைத்திருக்கிறார், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு வெகு முன்பே வந்து சேர்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஏந் தம்பி, அத்தனை பேருக்கும் நீயே குடை புடிச்சுட்டுப் போனியே, கூலி எவ்வளவு பேசுனே?" என்றார்.

அந்தக் கேள்வி புரிய எனக்கு இன்னும் இரண்டு ரேஸ் ஆயிற்று. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிள் எடுக்கிற நம் ஆட்கள் பலருக்கும் காலில் பலம் போதுமானது. ரேஸில் தோற்பது பெரும்பாலும் காலால் அல்ல, நிற்கிற இடத்தால்.

காற்றுக்கு முகம் கொடுப்பது

சமவெளியில் 35 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால், மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கைக் காற்றுதான் தின்னும். அதுவும் வேகத்தின் மும்மடிக் கணக்கில். 30-லிருந்து 36-க்குப் போனால் வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தியோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இன்னொருவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் இந்தச் செலவில் கால் பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நான் 20 கிலோமீட்டர் இழுத்தபோது பின்னால் வந்தவர்கள் கதை பேசிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இதுதான்.

தனியாக ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மானப் பிரச்சினையாகத் தெரியும். "ஒருத்தன் வீலைப் புடிச்சுட்டுப் போறதா?" என்று தோன்றும். தாராளமாகப் போகலாம். முறை வந்தால் முன்னால் போங்கள், அரை நிமிடம் இழுங்கள், ஒதுங்குங்கள். முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டிக் காட்டுவதும் ஒரு தவறு. அப்போதுதான் இழுத்து முடித்து ஒதுங்கியவர் வரிசையின் வாலைப் பிடிக்க முடியாமல் போவார். அடுத்த முறை இழுக்க ஓர் ஆள் குறையும்.

பிரெவே, அதாவது நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம், ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 200 கிலோமீட்டர் பிரெவேயை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும், அங்கே இடம் கிடையாது, பரிசு கிடையாது. அந்தப் பொறுமை நல்ல சொத்துதான். ஆனால் ரேஸில் வேகம் ஒரே சீராக இருக்காது. பத்து நிமிடம் நடைபோல் போகும், அப்புறம் ஒருவர் பாய்வார், நாற்பது விநாடி நெஞ்சு வெடிக்கும். அந்த நாற்பது விநாடியைப் பழகாமல் வருவதுதான் தவறு.

மேகாத்தில் தவறான பக்கம் நிற்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ரேஸ் உடைவது ஏற்றத்தில் அல்ல, இங்கேதான். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கிற வாசல். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது எட்டு கிலோ சைக்கிள் எந்த மூலைக்கு?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளத்துக்கு ஏறக்குறைய வடக்கே போகிறீர்கள் என்று வையுங்கள். காற்று இடது காதில் அறையும். தென்னந்தோப்பு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தோப்பு முடிந்து வெறும் வயலும் வரப்பில் நாலு பனையுமாக வெளி திறக்கிற இடத்தில், முன்சக்கரம் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல் அரை அடி வலப்பக்கம் போகும். முன்னால் போகிறவரின் நேர் பின்னால் ஒளிந்தால் இப்போது மறைவு கிடைக்காது. மறைவு அவருக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி இருக்கிறது. அதனால் தெரிந்தவர்கள் இடது ஓரத்தில் ஒருவர், அவருக்கு வலப்பின்னால் ஒருவர், அவருக்கும் வலப்பின்னால் ஒருவர் என்று சாய்வரிசை கட்டுவார்கள். ரோடு ரேஸ்காரர்கள் இதை எஷலான் என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால் ரோட்டின் நமது பாதி அகலத்தில் நாலைந்து பேருக்குத்தான் இடம். ஆறாவது ஆளுக்கு மறைவு கிடையாது. அவர் நடுக்கோட்டின் மேல் ஒற்றை வரிசையில் தொங்கிக்கொண்டு, முன்னவரின் சக்கரத்தை வெறித்தபடி முழுக்காற்றையும் வாங்குவார். ஒருவர் விட்டால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் போச்சு. தெற்கே மீனாட்சிபுரம் பக்கம் திரும்பினால் எல்லாம் தலைகீழ்: காற்று வலப்பக்கம், மறைவு இடப்பக்கம், மிஞ்சியவர்கள் ரோட்டோரச் சரளையில்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். 2013 டூர் டி பிரான்ஸின் 13-வது கட்டம் சமவெளிப் பாதைதான். பக்கக்காற்றில் கூட்டம் துண்டு துண்டானது. மொத்தத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் இருந்த கிறிஸ் ஃப்ரூம்கூட 1 நிமிடம் 9 விநாடி இழந்தார். மொத்தத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த அலெஹாந்த்ரோ வல்வெர்தேவுக்கு மோசமான நேரத்தில் சக்கரம் பழுதாகி, கிட்டத்தட்ட 10 நிமிடம் போயிற்று.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: தோப்பு முடிவதற்கு முன்பே முதல் பத்துக்குள் போய்விடுங்கள். வெளி திறந்த பிறகு முன்னேற முயன்றால் இரண்டு மடங்கு செலவு. காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பனை ஓலையைப் பாருங்கள். இல்லையென்றால் தலையை மெல்லத் திருப்புங்கள். இரண்டு காதிலும் ஒரே சத்தம் கேட்கிற திசையிலிருந்துதான் காற்று வருகிறது. ரேஸுக்கு முந்தின நாளே பாதையை ஒருமுறை ஓட்டி, எந்த வளைவுக்குப் பிறகு வெளி திறக்கிறது என்று குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான் இப்போது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் பேப்பர் டேப் ஒட்டி எழுதியே வைக்கிறேன். "மில் தாண்டி இடது காத்து" என்று.

சக்கரத்தைச் சக்கரத்தோடு கோப்பது

முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் ஓரடி உள்ளே போய்விட்டால், அவர் ஒரு குழிக்கு ஒதுங்கினாலே விழப்போவது நீங்கள். அவருக்கு ஒன்றும் ஆகாது. என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. சாய்வரிசையில் பக்கவாட்டில் நிற்கத்தான் வேண்டும், ஆனால் அங்கே எல்லோரும் ஒதுங்கும் திசையைத் தெரிந்து நிற்கிறார்கள். சாதாரணக் கூட்டத்தில் அந்த ஒப்பந்தம் இல்லை.

அதேபோல் சக்கரத்தை மட்டும் முறைத்துப் பார்க்காதீர்கள். முன்னவரின் தோளுக்கு மேலே மூன்று நாலு பேர் தள்ளிப் பாருங்கள். பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சும்மா மிதிப்பதை நிறுத்திக் கொஞ்சம் நிமிர்ந்தாலே காற்று பிரேக் போடும்.

நம் பக்கம் எல்லா ரேஸுக்கும் ரோட்டை முழுதாக மூடுவதில்லை. நடுக்கோட்டைத் தாண்டாதே என்று தொடக்கத்தில் சொன்னால் அதைச் சடங்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரே தேங்காய் லோடு ஏற்றிய லாரி வரும், அதற்கு உங்கள் ரேங்க் தெரியாது.

கூட்டத்தின் வாலில் போவதும் சுகம்போலத் தெரியும். வளைவுகளில் தெரியும் வண்டவாளம்: முன்னால் இருப்பவர் 30-ல் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பார், கடைசி ஆள் 15-க்கு இறங்கி மறுபடி பாய வேண்டும். இருபது வளைவுக்கு இருபது பாய்ச்சல்.

வயிறு

இரண்டாவது ரேஸில் காலை ஐந்தரைக்குப் புட்டும் கடலைக்கறியும் அடித்துவிட்டு ஆறரைக்கு வரிசையில் நின்றேன். ஆறே முக்காலுக்குக் கடலைக்கறி மேலே வந்து எட்டிப் பார்த்தது. மேற்கொண்டு விவரம் வேண்டாம்.

தொடங்குவதற்கு இரண்டரை மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். ஆறரைக்கு ரேஸ் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும், வேறு வழியில்லை. நாலு இட்லி, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, தண்ணீர். ரேஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும். கடலை மிட்டாய் எனக்கும் பிடிக்கும், ஆனால் மூச்சு வாங்கும்போது கடலையை மெல்ல முடியாது, அதில் கொழுப்பும் இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். பாட்டிலில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சை கலந்தால் போதும். பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல் வேண்டுமென்றால் வாங்குங்கள், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்துவிட்டு.

பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் கண்ணைக் கட்டிவிடும். அதற்கப்புறம் எதைத் தின்றாலும் அந்த ரேஸுக்கு உதவாது.

முந்தின ராத்திரி

புது டயர், புது ஷூ, புது சீட் உயரம், எதுவும் வேண்டாம். டயரைக் கல்லாக அடிப்பதும் வேண்டாம். 60, 65 கிலோ ஆளுக்கு 25 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ பக்கம் போதும். ஆடிச்சாரல் என்றால் இன்னும் ஐந்து குறையுங்கள். ஹெல்மெட் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் தெரியாவிட்டாலும்.

கடைசி 300 மீட்டர்

எதிர்காற்றில் முதலில் பாய்கிறவர் அநேகமாக இரண்டாவதாகத்தான் வருவார். முடிவுக்கோடு மேற்கே பார்த்து இருந்தால் 150 மீட்டர் வரை யாருடைய முதுகிலாவது ஒளிந்திருங்கள். கிழக்கே பார்த்து இருந்தால் காற்று பின்னால் தள்ளும், அப்போது முந்திப் பாயலாம். எங்கள் மண்டிக்காரர் தன்னைவிட இருபது வயது குறைந்தவர்களை இந்த ஒரு கணக்கை வைத்தே அடிக்கிறார்.

அப்புறம் கை தூக்குவது. பெல்ஜியத்தின் 2020 லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஜூலியன் அலாஃபிலிப் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கினார். பக்கத்தில் பிரிமோஷ் ரோக்லிச் கோட்டில் கையை நீட்டிச் சைக்கிளை முன்னால் தள்ளி ஜெயித்தார். போதாததற்கு, கடைசிப் பாய்ச்சலில் வழி விலகியதற்காக அலாஃபிலிப்பை ஐந்தாவது இடத்துக்கு இறக்கினார்கள். கோட்டைத் தாண்டி நாலு மீட்டர் போய்த் தூக்குங்கள். போட்டோக்காரர் அங்கேயும் எடுப்பார்.