பழைய ஆம்ப்ளிஃபையர் டிரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட் சப்ளை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போய் ஒரு மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்து பொறி பறக்கவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அதில் வருவது சுமார் 2000 வோல்ட், ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு கரண்ட். தொட்டால் வீட்டு ஈ.எல்.சி.பி.கூட (கசிவு தெரிந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழாது, ஏனென்றால் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் செகண்டரிக்கே (வோல்ட் வெளியே வருகிற சுற்று) திரும்பிவிடும், மெயின்ஸ் பக்கம் கசிவே தெரியாது.

பழைய ஆம்ப்ளிஃபையரில் இருக்கிற 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போதும், அதாவது நடுவயரிலிருந்து இரண்டு ஓர வயருக்கும் 12 வோல்ட் ஏ.சி. தருவது. பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டென்சரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்தபிறகே கழற்றுங்கள்.

அடுத்து மீட்டரை ஓம்ஸில் வைத்து வயர்களை அளக்கவேண்டும். பிரைமரி (மெயின்ஸ் கொடுக்கிற சுற்று) பல பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டும், செகண்டரி ஓரிரு ஓம்தான். செகண்டரியின் மூன்று வயரில் எது நடுவயரோ, அதிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ரீடிங் வரும். எந்த வயருக்கும் இரும்புக் கோருக்கும் தொடர்பு காட்டக்கூடாது.

வயர் நிறத்தை நம்பாதீர்கள். நான் ஒருமுறை நம்பி, செகண்டரியை மெயின்ஸில் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, சோதனைக்காக மெயின்ஸ் வயரில் சீரிஸாக ஒரு 60 வாட் குண்டு பல்பு இருந்தது, அது பளிச்சென்று எரிந்ததும் கை தானாக சுவிட்சுக்குப் போய்விட்டது. சரியாக இணைத்திருந்தால் பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்துவிடும், இல்லையென்றால் லேசாகச் சிவந்திருக்கும். மெயின்ஸ் வேலை பழக்கமில்லையா, தெரிந்த எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுலபம்தான். இரண்டு ஓர வயருக்கும் ஆளுக்கொரு 4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது), வெள்ளிக்கோடு போட்ட முனைகள் இரண்டையும் சேர்த்தால் அது பிளஸ், நடுவயர் மைனஸ். குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 35 வோல்ட் தாங்குவதாக, மைனஸ் கோட்டைப் பார்த்து (மாற்றிப் போட்டால் வெடிக்கும், நாற்றம் இரண்டு நாள் போகாது). இங்கே மீட்டரில் 12 வராது, 16க்கு மேல் வரும். பயப்படாதீர்கள், ஏ.சி.யின் உச்சம் 1.414 மடங்கு, அதுவரை கண்டென்சர் ஏறிவிடும்.

அதை 12 வோல்ட்டில் நிறுத்துவது 7812 என்கிற மூன்று கால் ரெகுலேட்டர். அதை எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடது காலில் அந்த பிளஸ் உள்ளே போகும், நடு கால் மைனஸ், வலது காலில் 12 வோல்ட் வெளியே வரும். ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கிற உலோகத் தகடு) கட்டாயம். பிரைமரியில் அரை ஆம்பியர் ஃபியூஸ், கோருக்கும் இரும்புப் பெட்டிக்கும் எர்த், மெயின்ஸ் முனைகள் எல்லாவற்றுக்கும் ஸ்லீவ்.

என்னுடையது இப்போது சமையலறை அலமாரியில் ஒரு எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை எரித்துக்கொண்டிருக்கிறது, காதை வைத்தால் மெல்ல உறுமும்.