பழைய தேக்குக் கதவைப் பாழாக்கும் வழிகள்

ரிட்டயர் ஆன அப்பச்சி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசி ஒரு பழைய தேக்குக் கதவை வாங்கி வந்து கார் ஷெட்டில் சாத்திவைப்பார். நல்ல நாள் பார்த்து வேலை தொடங்கும். ஒரே வாரத்தில் கதவு பாழ். எந்த ஊர் ஷெட்டிலும் இதே கதைதான்.

காஸ்டிக் சோடா

யாராவது வந்து யோசனை சொல்லிவிடுவார்கள். வாளியில் கரைத்து ஊற்றித் தேய்த்தால் பழைய பாலிஷ் கறுப்புத் தண்ணீராக ஓடும். அதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். காய்ந்த பிறகுதான் வினை தெரியும். தேக்கு கருத்திருக்கும். நார் எழும்பிப் பூனை முடிபோல நிற்கும். பொருத்துகளில் வச்சிரப் பசை இருந்தால் அதுவும் இளகிவிடும். பாலிஷில் இருக்கும் அரக்கு, சோடா போன்ற காரத்தில் கரையும் பொருள். மரத்துக்குள் தங்கிய சோடா, புதுப் பாலிஷைப் பிடிக்கவிடாது. நாலு கோட் பூசினாலும் கை வைத்த இடம் ஒட்டும். அரக்கு விற்ற கடைக்காரரைத் திட்டி என்ன பயன்?

முதலில் சோதனை. கீழ் மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு பழுப்பாகி ஒட்டினால் அரக்குப் பாலிஷ். சோடாவுக்கு வேலையே இல்லை. ஸ்பிரிட் நனைத்த பழந்துணியால் நார் ஓடும் திசையில், சாண் சாணாகத் துடைத்தால் போதும். பஞ்சில் ஒன்றும் ஏறாவிட்டால் பெயின்டோ வார்னிஷோ. பெயின்ட் ரிமூவர் தடவி, குமிழ் விட்டதும் முனை மழுங்கிய தகட்டால் வழித்தெடுங்கள். பூ வேலைக்குள் மூங்கில் குச்சி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தூள் கிளப்பாதீர்கள்.

சோடா ஏற்கெனவே ஊற்றியாயிற்றா? நிறையத் தண்ணீரில் அலசி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, மறுபடி அலசுங்கள். ஈர மரத்தில் சிவப்பு லிட்மஸ் தாளை ஒட்டிப் பாருங்கள். நீலமானால் காரம் இன்னும் உள்ளேதான். இன்னொரு முறை வினிகர். பிறகு நிழலில் இரண்டு வாரமாவது காயட்டும். போன நிறம் முழுசாகத் திரும்பாது.

கிரைண்டர்

கதவில் செதுக்கிய கஜலட்சுமிக்கு மூக்கு இருக்காது. வேண்டாம்.

பித்தளைத் திருகு

நேரே முறுக்கினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றிக் கழற்றி, பிறகு பித்தளையில் மெழுகு தடவி ஏற்ற வேண்டும். சோம்பல்பட்டு இரும்பையே விட்டால், மழை ஈரத்தில் திருகைச் சுற்றிக் கறுப்பு வளையம் படரும்.

கெட்டிப் பாலிஷ்

சீக்கிரம் பளபளக்கட்டும் என்று தேன் பதத்தில் கரைப்பது. தூரிகைத் தடம் அப்படியே நிற்கும். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில் போதும். இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மெல்லிசாகப் பல கோட்.

ஐப்பசி மழையில் பாலிஷ்

வெள்ளை பூக்கும். தை பிறக்கட்டும். அதுவரை கதவு ஷெட்டிலேயே கிடக்கும், கார் வெளியே நனையும், ஆச்சி முணுமுணுப்பார்கள்.