வெள்ளியைப் பார்த்து ஊரைச் சொல்லாதீர்கள்: தாய்லாந்து வாள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பிடியிலும் உறையிலும் வெள்ளித்தகடு சுற்றிய பழைய வாளைக் கண்டதுமே, 'இது ஷான் வாள் (கிழக்கு பர்மாவின் ஷான் மக்களுடையது), பர்மாவிலிருந்து வந்தது' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். வட தாய்லாந்தின் பழைய அரசான லன்னாவின் வாள்களிலும் அதே வெள்ளி வேலை உண்டு.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. லன்னாவின் தலைநகரான சியாங் மாய் 1558 முதல் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பெரும்பாலும் பர்மியர் பிடியில் இருந்தது. 1770களில் சயாமியரோடு (சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்) சேர்ந்து அதை மீட்ட லன்னா தலைவர் காவிலா, ஆளில்லாமல் கிடந்த நகரத்தை நிரப்ப வடக்கிலிருந்து ஊர் ஊராக மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். சியாங் மாயின் வுவாலாய் தெருவிலுள்ள வெள்ளிக் கொல்லர்களுடைய முன்னோர், பர்மாவில் ஷான் பகுதி வழியாக ஓடும் சால்வீன் ஆற்றுப் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர்கள்தான். கொல்லரே இடம் மாறிய பிறகு, இன்றைய நாட்டு எல்லையை அவர் வேலைக்குள் தேடுவதில் பொருளில்லை. 'லன்னா அல்லது ஷான்' என்று நிறுத்திக்கொள்வது பல வாள்களுக்கு நேர்மையான பதில்.

அடுத்தது, வாளை ஒரே நேரத்தில் செய்த பொருளாக நினைப்பது. இந்த வாள்களில் அலகின் வால், அதாவது கைப்பிடிக்குள் போகும் பகுதி, குட்டையானது. அரக்கு போன்ற பிசின்தான் அதைக் கைப்பிடிக்குள் பிடித்து வைக்கிறது. அதனால் பழைய அலகுக்குப் புதுக் கைப்பிடி போடுவது எளிது. கைப்பிடி ஒரு ஊரைச் சொல்லும், அலகு வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்: கைப்பிடியின் நீளம், அடிமுனைக் குமிழ், கைக்காப்பு இருக்கிறதா, அலகின் நுனி எப்படி முடிகிறது, முதுகு எவ்வளவு தடிமன். ஆனால் ஜப்பானிய வாள் மாதிரி கைப்பிடியைக் கழற்றிப் பார்க்க மட்டும் முயலாதீர்கள், பிசின் நொறுங்கிவிடும்.

ஜப்பானியச் சாயல் தெரிந்தால் போலி என்று ஒதுக்குவதும் தவறு. 17ஆம் நூற்றாண்டில், சயாமின் அப்போதைய தலைநகரான அயுத்தயாவில் ஜப்பானியர் குடியிருப்பே இருந்தது. யமாடா நாகமசா என்ற ஜப்பானியர் அங்கே அரசவையில் உயர்ந்த பதவி வகித்தார். மத்திய சயாமின் வாள்களில் அந்தப் பாணி கலந்தது இயல்பு.

அப்புறம், 'நாம் பீ' இரும்பு. வட தாய்லாந்தின் உத்தரடிட் பகுதியில் கிடைக்கும் அந்தத் தாதுவுக்குப் பெரிய பெயர் உண்டு. விற்பவர்கள் கண்ட வாளுக்கெல்லாம் அதைச் சொல்வார்கள். வெறும் கண்ணால் இரும்பின் ஊரைச் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.